பெட்டி வீடுகளைப் பாடிய பாட்டி

தினமும் டேலி சிட்டி மலைச்சரிவைத் தாண்டித்தான் அலுவலகம் போகிறேன். ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரிசை வரிசையாக வீடுகள். 1962-ல் இந்த ஊர் வழியே காரில் போன மால்வினா ரெனால்ட்ஸ், இவற்றைப் பார்த்துத்தான் 'லிட்டில் பாக்ஸஸ்' பாடலை எழுதினார். அதே மாதிரிப் பெட்டி ஒன்றுக்கு மாதத்தவணை கட்டுகிறவன் நான். கேலி கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

மால்வினா 1900-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். யூதக் குடியேறிகளான பெற்றோர் சோஷலிஸ்டுகள். முதல் உலகப்போரை அவர்கள் எதிர்த்ததால், மகளுக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. அப்படியும் பெர்க்லியில் ஆங்கில இலக்கியம் படித்து முனைவரானார். பெண், யூதர், சோஷலிஸ்ட். கல்லூரி வேலை கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் குண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நாற்பது வயதுக்கு மேல் பீட் சீகர் போன்ற நாட்டுப்புறப் பாடகர்களின் பழக்கம் ஏற்பட்ட பிறகே பாட்டெழுத வந்தார். இசை இலக்கணம் கற்க மறுபடி பெர்க்லிக்கே போனார்.

என் மகள் பள்ளியில் கற்றுவந்த 'மேஜிக் பென்னி'யும் அவருடையதுதான். கொடுத்தால் பெருகும் அன்பைப் பற்றியது. மழையைப் பற்றி அவர் எழுதிய இன்னொன்று தாலாட்டு போல ஒலிக்கும். ஆனால் பொருள், அணுகுண்டுச் சோதனைகளின் கதிர்த்தூசு மழையோடு இறங்குவது. குழந்தைகளுக்கு ஒரு மொழி, போராட்டத்துக்கு வேறொரு மொழி என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

எழுபதுகளில் 'செசமி ஸ்ட்ரீட்' தொலைக்காட்சித் தொடரில் கேட் என்ற பாத்திரமாக, கிதாரும் நரைத்த தலையுமாக வந்தார். 1978 மார்ச்சில் காலமானார்.