கடலின் கணக்கைக் கண்டவர்

ஆலைகளும் வண்டிகளும் கக்கும் கரியமில வாயுவைக் கடலே விழுங்கிவிடும் என்று விஞ்ஞானிகள் பலர் ஒரு காலத்தில் நம்பியிருந்தனர். அந்த நம்பிக்கையைக் கணக்கிட்டுச் சோதித்தவர் ரோஜர் ரெவெல்.

1909-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்த அவர், கடலடி மண்ணை ஆராய்ந்து 1936-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலாராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். 1957-ல் ஹான்ஸ் சூயஸுடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். காற்றிலுள்ள கரியமில வாயு மூலக்கூறு ஒன்று சராசரியாகச் சுமார் 10 ஆண்டுகளில் கடலில் கரைந்துவிடும். ஆயினும், கடல்நீரில் கரைந்த கரிமம் நூற்றுக்கு 1 பங்கு கூட வேண்டுமானால், காற்றில் அவ்வாயு ஏறத்தாழ 10 பங்கு கூட வேண்டும்! ஆய்வகத்தில் நான் குடுவையில் கலக்கும் தாங்கல் கரைசலின் குணமே பெருங்கடலுக்கும் உண்டென்று அறிந்து வியந்தேன்.

கணக்கோடு நில்லாமல், கீலிங் என்ற இளைஞரைக் கொண்டு காற்றை அளக்கவும் வழிசெய்தார். 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் தொடங்கிய அவ்வளவீடு, வாயு ஆண்டுதோறும் பெருகுவதைக் காட்டியது. நாம் வெளியிடுவதில் ஏறத்தாழக் கால் பங்கையே கடல் ஏற்கிறது என்பது இன்றைய மதிப்பீடு.

நம் நாட்டுக் கோத்தாரி கல்விக் குழுவிலும் (1964–66) உறுப்பினராயிருந்த ரெவெல் 1991-ல் மறைந்தார். கடலின் பொறுமைக்கும் எல்லையுண்டு என்று கணக்கால் உணர்த்திய அவரை என் ஆசான்களுள் ஒருவராகவே போற்றுகிறேன்.