மரப்பற்களில் காலத்தைக் கட்டிய தச்சர் ஜான் ஹாரிசன்

தோற்றுவாய்

கல்வி என்பது ஏட்டளவில் அடங்கிவிடுவதன்று. கைத்தொழிலின் வழியே ஒருவர் அடையும் அறிவும் கல்வியே ஆகும். பட்டம் பெற்றவரே ஆராய்ச்சிக்கு உரியவர் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகின்றது. அவ்வெண்ணத்தின் குறையைக் காட்டவல்ல ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம். பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாத ஆங்கிலேயத் தச்சர் அவர். மரத்தில் பல்சக்கரம் செய்யத் தொடங்கி, கடலோடிகளுக்கு வழிகாட்டும் கடிகாரத்தைப் படைத்து முடித்த ஜான் ஹாரிசனே அப்பெருமகனார்.

தச்சர் மகன்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் உள்ள ஃபோல்பி என்னும் சிற்றூரில் 1693ஆம் ஆண்டு ஹாரிசன் பிறந்தார். தந்தையார் தச்சர். சிறு வயதிலேயே குடும்பம் ஹம்பர் ஆற்றின் தென்கரையில் உள்ள பாரோ என்னும் ஊரில் குடியேறியது. உளியும் இழைப்புளியும் தந்தையிடமிருந்து அவருக்கு வந்தன. ஏட்டறிவோ கடனாக வந்தது. அப்பகுதிக்கு வந்த சமய குரு ஒருவர், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சாண்டர்சனின் இயற்பியல் விரிவுரைகளின் கையெழுத்துப் படியை அவருக்குப் படிக்கக் கொடுத்தார். இளைஞர் ஹாரிசன் அதனை வரைபடங்களோடு முழுமையாகப் படியெடுத்துக்கொண்டு பயின்றார்.

தமக்கு இருபது வயது நிரம்பிய 1713ஆம் ஆண்டில் அவர் முதற் கடிகாரத்தைச் செய்தார். 1715, 1717 ஆகிய ஆண்டுகளிலும் கடிகாரங்கள் செய்தார். இவற்றின் சக்கரங்கள் பித்தளையால் அல்லாமல் ஓக் மரத்தால் ஆனவை. தமக்குத் தெரிந்த பொருளிலிருந்தே தெரியாத கலையை அவர் எட்டிப் பிடித்தார் எனலாம்.

மரத்தின் போக்கறிந்து செய்த பற்கள்

மரத்தில் பல்சக்கரம் செய்வது எளிய செயலன்று. ஒரே பலகையை வட்டமாக அறுத்துச் சுற்றிலும் பற்களை வெட்டினால், சில பற்களில் மரத்தின் நார் பல்லின் நீளவாக்கில் ஓடும். அவை உறுதியாக நிற்கும். கால் வட்டம் தள்ளியுள்ள பற்களிலோ நார் குறுக்காக ஓடும். அவை சிறிது அழுத்தம் பட்டாலும் முறிந்து விழும். ஒரு பல் முறிந்தாலும் கடிகாரம் நின்றுவிடும் அல்லவா?

இச்சிக்கலுக்கு ஹாரிசன் கண்ட தீர்வு தச்சருக்கே உரியது. சக்கரத்தின் விளிம்பில் பள்ளம் தோண்டி, பற்களைச் சிறுசிறு துண்டங்களாகத் தனியே செய்து, அப்பள்ளத்தில் பொருத்தினார். ஒவ்வொரு துண்டத்திலும் மரத்தின் நார் சக்கரத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுமாறு பார்த்துக்கொண்டார். இவ்வாறு எல்லாப் பற்களும் ஒரே உறுதி பெற்றன. மரத்தைத் தெரிந்தெடுப்பதிலும் அவர் நுட்பம் காட்டினார். விரைந்து வளர்ந்த ஓக் மரத்தில் ஆண்டு வளையங்கள் அகன்று, அவற்றினிடையே கெட்டியான பகுதி மிகுந்திருக்கும். அத்தகைய மரத்தையே அவர் விரும்பி எடுத்தார்.

எண்ணெய் வேண்டாத கடிகாரம்

அக்காலக் கடிகாரங்களுக்குப் பெரும்பகை அவற்றுக்கு இடும் எண்ணெயே ஆகும். நாட்பட அது தடித்துப் பிசுபிசுக்கும்; குளிரில் இறுகும்; வெப்பத்தில் இளகும். 1722ஆம் ஆண்டளவில் பிராக்கில்ஸ்பி மாளிகையின் குதிரைலாயத்துக்கு மணிக்கூண்டுக் கடிகாரம் செய்தபோது, ஹாரிசன் இப்பகையை வேரோடு களைய முற்பட்டார். லிக்னம் வைட்டே என்பது வெப்பநாடுகளில் விளையும் மிகக் கடினமான மரம். அதனிடத்தில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. உராயும் இடங்களில் அம்மரத்தை அமைத்தமையால் கடிகாரத்துக்கு எண்ணெயே தேவைப்படவில்லை. பிறர் நல்ல எண்ணெயைத் தேடினர். ஹாரிசனோ எண்ணெய் வேண்டாத அமைப்பைத் தேடினார். அவருடைய அறிவின் தனித்தன்மை இதுவே என்பது நம் கருத்து.

பின்னர்த் தம்பி ஜேம்ஸுடன் சேர்ந்து அவர் செய்த நெடிய கடிகாரங்கள் மாதத்துக்கு ஒரு விநாடி அளவே பிழைபட்டன. பித்தளைக் கம்பிகளையும் எஃகுக் கம்பிகளையும் அடுத்தடுத்து இணைத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்று ஈடுசெய்யும் ஊசலையும் அவர் உருவாக்கினார்.

கடல் கேட்ட வினா

1707ஆம் ஆண்டு சில்லித் தீவுகளின் அருகே நான்கு போர்க்கப்பல்கள் பாறையில் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலில் கப்பலின் தீர்க்கரேகையைக் கணக்கிட இயலாமை அக்காலக் கடலோடிகளின் பெருந்துயராக இருந்தது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கின்றது. புறப்பட்ட துறைமுகத்தின் நேரத்தைப் பிழையின்றிக் காட்டும் கடிகாரம் கப்பலில் இருந்தால், அதனைக் கப்பல் நிற்கும் இடத்து நேரத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்கரேகையைக் கண்டுவிடலாம். ஆனால் கடிகாரம் நான்கு நிமிடம் பிழைத்தால், நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 111 கிலோமீட்டர் வழி பிழைக்கும். அரைப் பாகைக்குள் கணக்கிடும் முறையைத் தருவோருக்கு 20,000 பவுண்டு பரிசளிப்பதாக 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

1735இல் ஹாரிசன் தம் முதற் கடற்கடிகாரத்தை முடித்தார். 34 கிலோகிராம் எடையுள்ள அதிலும் ஓக் மரச் சக்கரங்களே சுழன்றன. 1736இல் அதனோடு லிஸ்பனுக்குச் சென்று திரும்புகையில், கப்பலோட்டிகள் கண்ட கரை அவர்கள் நினைத்த முனையன்று என்பதை ஹாரிசன் சரியாகக் கூறினார்.

மறு ஆண்டு தீர்க்கரேகை வாரியத்தின் முன் அவர் நின்றபோது நிகழ்ந்தது நம் மாணவர் சிந்தைக்கு உரியது. பரிசுக்கான பயணச் சோதனையை அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தம் கடிகாரத்தின் குறைகளைத் தாமே எடுத்துரைத்து, இன்னும் சிறந்த ஒன்றைச் செய்யப் பொருளுதவி மட்டுமே வேண்டினார். இரண்டாம் கடிகாரமும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. மூன்றாவதற்கு 19 ஆண்டுகள் உழைத்தார். இதற்கிடையே, 1753இல் தம் சொந்தப் பயனுக்கெனச் செய்வித்த சிறு பைக்கடிகாரம் எதிர்பாராத வகையில் நன்கு இயங்கக் கண்டார். பெரிதிலேயே துல்லியம் உண்டு என்று தாம் நெடுங்காலம் கொண்டிருந்த கருத்தைக் கைவிட்டார். அதன் பயனாக 1759இல் நான்காம் கடிகாரம் பிறந்தது. அதன் குறுக்களவு 13 சென்டிமீட்டரே. அப்போது அவர் வயது 66.

நீதிக்காகக் காத்திருந்த முதுமை

1761இல் மகன் வில்லியம் அக்கடிகாரத்தோடு ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். 81 நாட்களில் அது 5 விநாடியே பிழைத்தது. வாரியம் அதனைத் தற்செயல் எனக் கருதி மறுசோதனை கேட்டது. 1764இல் பார்படோஸ் பயணத்தில் 47 நாட்களுக்கு 39 விநாடியே பிழை. சட்டம் கேட்டதைவிட அது மும்மடங்கு துல்லியம். ஆயினும் முழுப் பரிசு கிட்டவில்லை. கடிகாரத்தைப் பிரித்துக் காட்டி, அதன் நுட்பத்தை வெளியிட்ட பின்னரே பாதிப் பரிசு தரப்பட்டது.

வாரியத்தின் வாதம் முற்றும் பொருளற்றதன்று. ஒருவர் கையால் மட்டும் ஆகும் பொருள் நாட்டின் கப்பல்களுக்கெல்லாம் பயன்படாது என்பது நியாயமே. எனினும் நிலவின் நிலையை அளக்கும் போட்டி முறையை ஆதரித்த வானியலறிஞர் மாஸ்கலினும் அவ்வாரியத்தில் அமர்ந்திருந்தார். போட்டியாளர் ஒருவர் நடுவராகவும் இருத்தல் அறமாகாது என்பதே நம் துணிபு.

இறுதியில் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 1772இல் ஐந்தாம் கடிகாரத்தைத் தாமே சோதித்து உண்மை கண்டார். 1773இல் நாடாளுமன்றம் 8,750 பவுண்டு வழங்கியது. அப்போது ஹாரிசனுக்கு வயது 80. அவருடைய நான்காம் கடிகாரத்தின் படியைக் கொண்டு சென்ற கப்பல் தலைவர் குக், 1775இல் தம் இரண்டாம் உலகப் பயணம் முடித்துத் திரும்பி அதன் சிறப்பை உறுதிசெய்தார். 1776 மார்ச் 24 அன்று ஹாரிசன் லண்டனில் மறைந்தார்.

நிறைவாக

நூறு நாளில் ஒரு விநாடிக்கு மேல் பிழைக்காத ஊசற்கடிகாரம் செய்ய இயலும் என 1775இல் ஹாரிசன் எழுதினார். முதியவரின் பிதற்றல் எனப் பிறர் அதனை நகைத்தனர். அவர் கொள்கைகளின்படி மார்ட்டின் பர்கெஸ் உருவாக்கிய கடிகாரம் 2015இல் கிரீனிச்சில் சோதிக்கப்பட்டபோது, நூறு நாட்களில் ஒரு விநாடிக்கும் குறைவாகவே பிழைத்தது. இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தச்சரின் சொல் மெய்யாயிற்று.

ஒவ்வொரு பல்லிலும் மரத்தின் நார் எப்பக்கம் ஓடுகின்றது என்று பார்த்தவர் ஹாரிசன். நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் மாணவரிடத்தும் ஆற்றல் ஓடும் திசை வேறுவேறாக உள்ளது. எல்லோரையும் ஒரே பலகையாக எண்ணி வெட்டினால் சிலர் முறிந்துபோவர். அவரவர் போக்கறிந்து உரிய இடத்தில் அமர்த்துதல் ஆசிரியர் கடன். தம் பணியின் குறையைப் பிறர் கூறுமுன் தாமே கண்டு திருத்துதல் மாணவர் கடன். இவ்விரு கடமைகளையும் ஹாரிசன் வாழ்விலிருந்து நாம் கற்போமாக.