கைவினைஞரின் மாண்பை உணர்த்திய கலாயோகி

ஒரு பொருள் எவ்வளவு விரைவாகவும் எவ்வளவு மலிவாகவும் உற்பத்தி செய்யப்படுகின்றது என்பதே அதன் பெறுமதியை நிர்ணயிக்கும் அளவுகோலாகிவிட்ட காலம் இது. சில சொற்களைக் கொடுத்தாலே கணினி கணப்பொழுதில் சித்திரம் வரைந்து தருகின்றது. கடைகளில் குவியும் பாத்திரமும் துணியும் தளபாடமும் எந்த நாட்டில், எவரால் செய்யப்பட்டன என்று சொல்ல முடியாதபடி ஒரே சாயலில் இருக்கின்றன. ஒரு பொருள் உருவாகும்போது அதனைச் செய்யும் மனிதனுக்கு என்ன நேர்கின்றது என்ற வினாவை நூறு ஆண்டுகளுக்கும் முன்னரே எழுப்பியவர் இந்நாட்டின் மைந்தரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. அவரது வாழ்வை மீண்டும் எண்ணிப் பார்ப்பதற்கு இதனைவிடப் பொருத்தமான வேளை இல்லை.

1877 ஆகஸ்ட் 22 ஆம் திகதி கொழும்பில் பிறந்த அவரின் தந்தையார், சட்டநிரூபண சபை உறுப்பினராக விளங்கிய சேர் முத்து குமாரசுவாமி. அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்தில் நாடகமாக்கிய அறிஞரான அவர், சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் சகோதரர்களுக்குத் தாய்மாமனாவார். தாயார் எலிசபெத் ஆங்கிலேயப் பெண்மணி. குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே, 1879 இல் தந்தையார் காலமானார். தாயாரின் பராமரிப்பில் இங்கிலாந்திலேயே வளர்ந்த ஆனந்தர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று 1900 இல் பட்டம் பெற்றார்.

ஆகவே, அவர் கலைஞராகவோ கலை விமர்சகராகவோ தாயகம் திரும்பவில்லை; விஞ்ஞானியாகவே திரும்பினார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராகக் கடமையாற்றிய காலத்தில் தோரியனைற்று என்ற கனிமத்தைக் கண்டறிந்தார். அவ்வாய்வுகள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டத்தையும் அவருக்குப் பெற்றுத் தந்தன.

பாறைகளைத் தேடி மலைநாட்டுக் கிராமங்கள் தோறும் அலைந்தவரின் கண்களில் வேறொரு செல்வமும் தென்பட்டது. விகாரைச் சுவர்களில் சித்திரம் தீட்டுவோர், பொன்னிலும் வெள்ளியிலும் பித்தளையிலும் வேலை செய்வோர், தந்தம் செதுக்குவோர், அரக்கு வேலை செய்வோர், பாய் இழைப்போர் ஆகியோரைச் சந்தித்து, அவர்களின் கருவிகளையும் செய்முறைகளையும் தொழிற்பெயர்களையும் பதிவு செய்தார். அவரது துணைவியார் எதெல் அவற்றைப் புகைப்படமாக்கினார்.

அக்கைவினைஞர்களின் நிலை கவலைக்கிடமாக இருந்தது. கண்டி அரசர் காலத்தில் அவர்களுக்குச் சேவைக்காக நிலம் வழங்கப்பட்டிருந்தது. அன்றாட உணவுக்கு அந்நிலம் இருந்தபடியால், அவசரமின்றி வேலை செய்ய அவர்களால் முடிந்தது. 1815 இல் கண்டி வீழ்ந்ததுடன் அரச ஆதரவு அற்றுப் போயிற்று. இறக்குமதித் துணியும் மலிவான இரசாயனச் சாயமும் கிராமச் சந்தை வரை வந்து சேர்ந்தன. தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த தொழிலறிவு ஒரே தலைமுறையில் மறையக்கூடிய ஆபத்தைக் கண்ட அவர், இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தோற்றத்தில் முன்னின்றார். மேலைத்தேயத்தவரைக் கண்மூடிப் பின்பற்றும் போக்கை அதன் ஏடான 'சிலோன் நஷனல் ரிவியூ' 1906 இலிருந்து கண்டித்து வந்தது.

சேகரித்த செய்திகளை நூலாக்கிய முறையிலும் அவரது கொள்கை தெரிந்தது. ஆங்கிலக் கைவினை இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரம், அவரது மறைவின் பின்னர் சார்ள்ஸ் ஆஷ்பி என்ற வடிவமைப்பாளரிடம் இருந்தது. அதனைத் தமது இங்கிலாந்து வீட்டில் நிறுவி, ஏறத்தாழ 15 மாதங்கள் அருகிருந்து மேற்பார்வை செய்து, 1908 இல் 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற நூலை அவர் வெளியிட்டார். அச்சிடப்பட்டவை 425 பிரதிகள் மாத்திரமே. தமிழர் ஒருவர் சிங்கள மக்களின் கலைச் செல்வத்துக்கு ஆற்றிய இத்தொண்டு, இந்நாட்டில் அடிக்கடி நினைவூட்டப்பட வேண்டிய ஒன்றாகும்.

இயந்திரங்களைக் கண்டு மருண்ட பழைமைவாதி என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. கருவிக்கும் இயந்திரத்துக்குமிடையே அவர் தெளிவான வேறுபாடு கண்டார். கம்பள நெசவாளனின் தறி, பாவு நூலை இழுத்துப் பிடித்து, அவனது விரல்கள் வேலை செய்ய இடமளிக்கின்றது, அது கருவி. விசைத்தறியோ மனிதன் செய்ய வேண்டிய பகுதியைத் தானே எடுத்துக்கொண்டு அவனைக் காவலாளியாக்குகின்றது. செய்பவனின் அறிவையும் கற்பனையையும் பறித்த பின்னர் அவனுக்குக் கூலியை மட்டும் கூட்டிக் கொடுப்பதால் இழப்பு ஈடாகாது என்பதே அவரது வாதத்தின் சாரம். இந்தியாவில் சுதேசி இயக்கம் கிளர்ந்தபோதும் இதே நியாயத்தையே முன்வைத்தார். ஐரோப்பிய ஆலைகளின் அழகற்ற பொருட்களை உள்நாட்டு ஆலைகளில் செய்வது மாத்திரம் சுதேசியம் ஆகாது என அவர் எச்சரித்தார்.

தாம் அரிதிற் சேர்த்த இந்தியக் கலைப்பொருட்களைக் காசியில் ஒரு தேசிய நூதனசாலைக்கு வழங்க அவர் விரும்பினார். அந்த முயற்சி கைகூடவில்லை. 1917 இல் அத்தொகுதி அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையைச் சென்றடைந்தது. அங்கேயே இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பாளராகி, 'சிவ நடனம்' உட்படப் பல நூல்களை எழுதினார். இந்தியா சுதந்திரம் பெற்ற அடுத்த வாரம் அவருக்கு எழுபது வயது நிறைந்தது. ஓய்வுபெற்று இந்தியா திரும்பும் எண்ணத்துடன் இருந்தவர், 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி அமெரிக்காவிலேயே காலமானார்.

அவரது கருத்துகள் குறையற்றவை என்று கூறுவதற்கில்லை. பழைய கைத்தொழில் முறை சாதிக் கட்டுக்கும் கட்டாய சேவைக்கும் உட்பட்டிருந்ததை அவர் கனிவுடனேயே நோக்கினார். அக்கட்டினுள் வாழ்ந்தோர் எல்லோரும் அதே கனிவுடன் அதனை நோக்கியிருப்பர் என்று கொள்ள இயலாது. ஆலைத்துணி வறியவரின் உடலை மறைத்ததும் மறுக்க முடியாத உண்மை. எனினும், சாதித்தளையை அறுப்பதற்குத் தொழிலறிவையும் சேர்த்து அழிக்க வேண்டியதில்லை. மலிவான துணி தேவைப்படுவதற்காக நெசவாளன் பட்டினி கிடக்க வேண்டியதுமில்லை.

கொழும்பு 7 இல் தேசிய கலாபவனம் அமைந்துள்ள வீதி இன்று அவரது பெயரைத் தாங்கியுள்ளது. ஆண்டுதோறும் நடைபெறும் 'கலா பொல' ஓவியச் சந்தையில் ஓவியர்கள் தமது கைவண்ணத்தை அவ்வீதியோரத்திலேயே காட்சிக்கு வைக்கின்றனர். பெயர்ப்பலகை வைப்பதுடன் எமது கடன் தீர்ந்துவிடாது. கைப்பணிப் பொருளை வாங்குவோர் அதனைச் செய்தவருக்கு எவ்வளவு கிடைக்கின்றது என்று கேட்க வேண்டும். கைப்பணியைப் பாடசாலையில் பின்தங்கிய மாணவருக்குரிய பாடமாகக் கருதும் மனப்பான்மை மாற வேண்டும். தம் தொழிலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தயங்கும் முதிய கைவினைஞருக்கு, அதனால் வாழ முடியும் என்ற நம்பிக்கையை அரசு ஏற்படுத்த வேண்டும். கலாயோகிக்கு நாம் செய்யக்கூடிய உரிய அஞ்சலி அதுவேயாகும்.