துருவை வெல்ல வழி செய்த வள்ளல்
டாக்டர் அழகப்ப செட்டியார் வாழ்க்கை

ராமேசுவரம் தீவில் இரும்பு நீண்ட நாள் தாங்காது.

புது சைக்கிள் வாங்கினால் சில மாதங்களிலேயே சக்கரக் கம்பிகள் சிவந்துவிடும். கதவுக் கீல் இறுகிவிடும். பஸ்ஸின் அடித்தகடு பொரிந்து உதிரும். காரணம், கடலிலிருந்து வீசும் உப்புக் காற்று.

பாம்பன் கடற்பகுதி, உலகிலேயே இரும்பு மிக வேகமாக அரிக்கும் இடங்களில் ஒன்று.

இந்த அரிப்பை எதிர்த்து ஆராய்ச்சி செய்யும் பெரிய நிலையம் ஒன்று காரைக்குடியில் இருக்கிறது. அது அங்கே வந்ததற்குக் காரணம் ஒரு மனிதர். அவர் விஞ்ஞானி அல்ல, வியாபாரி. அவர்தான் வள்ளல் அழகப்ப செட்டியார்.

கோட்டையூரில் பிறந்தார்

காரைக்குடிக்கு அருகே உள்ள ஊர் கோட்டையூர். அங்கே 1909-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந்தேதி அழகப்பர் பிறந்தார். தந்தை ராமநாதன் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி.

அந்தக் காலத்தில் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குத் தெரிந்ததும் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பல் ஏறிவிடுவார்கள். அழகப்பர் அப்படிச் செய்யவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து எம்.ஏ. பட்டம் பெற்றார். அவரது சமூகத்தில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

பிறகு லண்டன் சென்று பாரிஸ்டருக்குப் படித்தார். விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

தொட்டது துலங்கியது

ஊர் திரும்பியதும் தொழிலில் இறங்கினார். கேரளத்தில் திருச்சூருக்கு அருகே துணி ஆலை நிறுவினார். அந்த இடத்துக்கு இன்றும் அழகப்பா நகர் என்றே பெயர். மலேயாவில் ரப்பர் தோட்டம், இன்சூரன்ஸ், ஓட்டல் என்று தொழில் பெருகியது. சொந்தமாக ஜூபிடர் என்ற விமானக் கம்பெனியும் நடத்தினார்.

பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு "சர்" பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை அடைந்ததும் அந்தப் பட்டத்தை அவர் துறந்துவிட்டார்.

செல்வம் குவிந்தது. ஆனால் உடல் நலம் கெட்டது. கொடிய நோய் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. பணம் இருந்தும் அந்த வேதனையிலிருந்து அவர் தப்ப முடியவில்லை.

அந்த நிலையில் வேறு ஒருவராக இருந்தால் வீட்டுக்குள் முடங்கியிருப்பார். அழகப்பர் முடங்கவில்லை. சேர்த்த பணத்தை வாரி வழங்கத் தொடங்கினார்.

கொடுத்தார், கொடுத்தார்

சென்னையில் தொழில்நுட்பக் கல்லூரி அமைய 5 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தக் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1947-ம் ஆண்டு ஜூலை மாதம், சென்னையில் ஒரு கூட்டம் நடந்தது. பணம் படைத்தவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் அங்கே கேட்டுக்கொண்டார். அழகப்பர் உடனே எழுந்தார். காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அறிவித்தார். ஆகஸ்டு மாதத்திலேயே கல்லூரி தொடங்கிவிட்டது.

பெண்கள் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டபோது, தாம் வாழ்ந்த வீட்டையே கொடுத்தார்.

300 ஏக்கர் நிலம்

விடுதலை பெற்ற இந்தியாவில் பெரிய ஆராய்ச்சி நிலையங்களை அமைக்க நேருவின் அரசாங்கம் திட்டமிட்டது. பௌதிகத்துக்கு டெல்லி, ரசாயனத்துக்குப் புனே, உலோகத்துக்கு ஜாம்ஷெட்பூர் என்று முடிவாயிற்று. எல்லாம் பெரிய ஊர்கள்.

மின் ரசாயன ஆராய்ச்சிக்கும் ஒரு நிலையம் வேண்டியிருந்தது. காரைக்குடியோ அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். வானம் பார்த்த பூமி. (அந்தப் பகுதி 1985-ல் தனி மாவட்டமாகப் பிரிந்து, இன்று சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது.)

அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னார். நிலையம் காரைக்குடிக்கு வந்தது!

1948-ம் ஆண்டு ஜூலை 25-ந்தேதி பிரதமர் நேரு காரைக்குடிக்கு நேரில் வந்து அடிக்கல் நாட்டினார். 1953-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதி துணை ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஊர் மக்கள் அதைச் சுருக்கமாக "சிக்ரி" என்று அழைக்கிறார்கள்.

துரு என்றால் என்ன?

மின்சாரத்துக்கும் துருவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மிக நெருங்கிய தொடர்பு உண்டு.

இரும்பின் மேல் ஈரம் பட்டால், அந்த இடம் ஒரு சின்னஞ்சிறு பாட்டரி போல ஆகிவிடுகிறது. இரும்பின் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு மெல்லிய மின்சாரம் ஓடுகிறது. அப்போது இரும்பு கரைந்து, காற்றில் உள்ள பிராணவாயுவுடன் சேர்ந்து துருவாகிறது.

நல்ல தண்ணீரில் மின்சாரம் எளிதில் ஓடாது. உப்புத் தண்ணீரில் நன்றாக ஓடும். அதனால்தான் கடற்கரையில் துரு விரைவாகப் பிடிக்கிறது.

காரும் பஸ்ஸும்

கார் உடம்பின் எஃகுத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருப்பதில்லை. துரு அதைத் துளைக்க அதிக காலம் ஆகாது.

எனவே தொழிற்சாலையில் அதற்குப் பல கவசங்கள் போடுகிறார்கள். பல தகடுகளுக்கு முதலில் துத்தநாகப் பூச்சு. துத்தநாகம் தியாகி போன்றது. கீறல் விழுந்தாலும் முதலில் தான் கரைந்து, இரும்பைக் காப்பாற்றும்.

அடுத்து, பெயிண்டு நன்றாகப் பிடிப்பதற்காகப் பாஸ்பேட் என்ற ரசாயனப் படலம். பிறகு கார் கூட்டை முழுவதுமாக பெயிண்டுத் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். கை நுழையாத உள் மூலைகளிலும் பெயிண்டு போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்கும் மேலேதான் நம் கண்ணுக்குத் தெரியும் வண்ணப் பூச்சு.

அலுமினியத் தகடு இரும்பைப் போலச் சிவந்து உதிர்வதில்லை. ஆனால் உப்பு பட்டால் அதிலும் குழி விழும். ஈரமுள்ள இடத்தில் இரும்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப்போகும். அதனால் இரண்டுக்கும் இடையே தடுப்பு வைக்கிறார்கள்.

கடற்கரை ஊரில் வண்டி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது எளிது. வண்டியின் அடிப்பாகத்தையும் மட்கார்டின் உட்புறத்தையும் அடிக்கடி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கீறல் விழுந்தால் உடனே பெயிண்டு பூசிவிட வேண்டும்.

மண்டபத்தில் சோதனை

காரைக்குடி விஞ்ஞானிகள் மண்டபத்தில் ஒரு சோதனை நிலையம் அமைத்தார்கள். இத்தகைய நிலையங்களில், உலோகத் தகடுகளை எடை போட்டு, கடல் காற்று படும்படி சட்டங்களில் பொருத்துவார்கள். சில மாதம் அல்லது சில வருடம் கழித்து, துருவை நீக்கிவிட்டு மீண்டும் எடை போடுவார்கள். குறைந்த எடைதான் கடல் தின்ற இரும்பு. எந்த உலோகம் தாங்கும், எந்தப் பூச்சு உதவும் என்று இப்படிக் கண்டறிகிறார்கள்.

எதிரியின் வாசலிலேயே பாசறை அமைத்தது போன்றது இது!

மறைவு

1956-ம் ஆண்டு இந்திய அரசாங்கம் அழகப்பருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

1957-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந்தேதி அவர் காலமானார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.

நோய் அவர் உடம்பை அரித்தது. அவர் கொடுத்த கொடையை எந்தக் காலமும் அரிக்கவில்லை. அவர் அமைத்த கல்லூரிகள் வளர்ந்தன. 1985-ல் அவர் பெயரால் அழகப்பா பல்கலைக்கழகமே எழுந்தது.

பழைய பாலம், புதிய பாலம்

1914-ல் திறந்த பழைய பாம்பன் ரெயில் பாலம் நூறாண்டுக்கு மேல் உப்புக் காற்றோடு போராடியது. கடைசியில் அரிப்புக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 2022-ம் ஆண்டு டிசம்பரில் அதில் ரெயில் போக்குவரத்து நின்றது.

பக்கத்தில் புதிய பாலம் கட்டினார்கள். துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தினார்கள். அரிப்பைத் தடுக்கப் பாலிசிலோக்சேன் என்ற தனிப்பூச்சும் பூசினார்கள்.

அந்தப் பாலம் 2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந்தேதி திறக்கப்பட்டது.

அழகப்பர் பிறந்ததும் ஓர் ஏப்ரல் 6-ந்தேதிதான்.