அடிமைகளின் அன்னை ஆன் மரி ஜவுவே

மனிதரை மனிதர் சந்தையில் நிறுத்தி, ஆடுமாடுகளைப் போல் விலை பேசிய காலம் ஒன்று இருந்தது. மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கறுப்பின மக்களைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்று, கடலுக்கு அப்பாலிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு விற்றனர். பிரெஞ்சுப் புரட்சியாளர் 1794-இல் ஒழித்த அடிமை முறையை, 1802-இல் நெப்போலியன் மீண்டும் நிலைநாட்டினார். அந்த இருண்ட நாட்களில், கறுப்பின மக்களும் கடவுளின் பிள்ளைகளே என்ற விசுவாசத்திற்குத் தம் வாழ்வால் சான்று பகர்ந்த வீரப் பெண்மணியே அன்னை ஆன் மரி ஜவுவே.

பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில், வசதியான ஓர் உழவர் குடும்பத்தில் 1779 நவம்பர் 10-ஆம் நாள் பிறந்தார். சிறுமியாய் இருந்தபோதே துடுக்கும் துணிவும் மிக்கவர். புரட்சிக் காலத்தில் ஆலயங்கள் அடைக்கப்பட்டன, குருக்கள் தலைமறைவாயினர். ஆன் மரி அவர்களுக்கு ஒளிந்திருக்க இடம் தேடித் தந்தார். இரகசியமாய் நடந்த திருப்பலிக்குக் காவல் நின்றார். ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி ஞானோபதேசம் கற்பித்தார். 1798-இல் தம்மை முற்றும் இறைவனுக்கே அர்ப்பணித்தார்.

1800-ஆம் ஆண்டு, பெசான்சோன் நகரில் துறவற வாழ்வுக்குப் பயிற்சி பெற்று வந்தபோது அவர் ஒரு காட்சி கண்டதாகச் சபை வரலாறு கூறும். பல நிறத்துப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து நிற்க, இவர்களே இறைவன் உனக்குத் தரும் பிள்ளைகள் என்று அவிலா தெரேசம்மாள் உணர்த்தினாராம். அதன் பொருள் அந்தக் கிராமத்துப் பெண்ணுக்கு அன்று முழுவதும் விளங்கவில்லை. 1807-இல் தம் உடன்பிறந்த சகோதரிகள் மூவரையும் வேறு சிலரையும் சேர்த்துக்கொண்டு புதியதொரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பின்னர் குளூனி நகரில் இல்லம் அமைந்ததால், அது குளூனி புனித சூசையப்பர் சபை என்று பெயர் பெற்றது. 1827-இல் நம் புதுச்சேரிக்கு வந்து பெண்கல்விக்கு விளக்கேற்றியவர்களும் இச்சபைக் கன்னியரே.

1819-இல் இச்சபையார் ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் காலடி வைத்தனர். 1822-இல் அன்னையே அங்குச் சென்றார். மருத்துவமனைகளைச் சீர்படுத்தினார், விவசாயப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். அங்கிருந்து காம்பியாவுக்கும் சியரா லியோனுக்கும் சென்று நோயாளிகளுக்குப் பணி செய்தார். ஆப்பிரிக்கரைப் பற்றி ஐரோப்பியர் பலர் கொண்டிருந்த இழிவான எண்ணம் எவ்வளவு பொய்யானது என்பதை நேரில் கண்டறிந்தார். ஆப்பிரிக்காவுக்கு ஆப்பிரிக்கரே குருக்களாக வேண்டும் என்று துணிந்தார். செனகல் சிறுவரைப் பிரான்சுக்கு வரவழைத்துப் படிக்க வைத்தார். நோயால் பலர் மாண்டனர். ஆயினும் அன்னை தளரவில்லை. 1840-இல் அவர்களுள் மூவர் குருப்பட்டம் பெற்றனர்.

அவருடைய பெருஞ்சாதனை நிகழ்ந்த இடம் தென் அமெரிக்காவின் வடகரையிலுள்ள பிரெஞ்சு கயானா. 1828-இல் அங்கே மானா என்னும் ஆற்றங்கரையில், காடு திருத்தி ஒரு குடியேற்றத்தை உருவாக்கினார். ஊரார் ஒதுக்கிவைத்த தொழுநோயாளருக்கும் அதனருகே இடமளித்தார். தடையை மீறி அடிமைகளைக் கடத்திய கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர் சுமார் 500 பேர் அக்காலத்தில் கயானாவில் அரசின் பொறுப்பில் இருந்தனர். 1831-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்கள் ஏழாண்டு உழைத்த பின்னரே முழு விடுதலை பெறுவர். அவர்களை 1835-இல் அரசு அன்னையிடம் ஒப்படைத்தது.

அன்னை அவர்களை எவ்வாறு நடத்தினார்? வெறுங்கையோடு விடப்பட்டவன் மீண்டும் பழைய எசமானனிடமே போய்க் கைகட்டி நிற்க நேரும் என்பதை அவர் அறிந்திருந்தார். எனவே பயிர்த்தொழிலும் கைத்தொழிலும் கற்பித்தார். முறைப்படி திருமணம் செய்துவைத்துக் குடும்பங்களாக வாழச் செய்தார். 1838 மே 21-ஆம் நாள் 185 பேர் விடுதலை பெற்றனர். குடியிருக்கக் குடிசையும் உழுது பயிரிட நிலமும் அவர்களுக்குக் கிடைத்தன. பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகள் அனைத்திலும் அடிமை முறை ஒழிந்ததோ 1848-இல்தான்.

மீட்கப்பட்டவரை ஏழாண்டு காத்திருக்க வைத்தது நீதியாகுமா என்று இன்று நாம் கேட்பது முறையே. உரிமையை ஒருவர் தகுதி காட்டிப் பெற வேண்டியதில்லை. அன்னையும் தம் காலத்துச் சட்டத்திற்கு உட்பட்டே நடந்தார். தாயைப் போல் அன்பு செய்தார், தாயைப் போலவே கண்டிப்பும் காட்டினார். ஆனால் சுற்றிலும் இருந்தோர் அம்மக்களைச் சரக்காகக் கண்டபோது, அவர் நிலமும் வீடும் உடைய குடிமக்களாகக் கண்டார்.

அதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. தோட்ட முதலாளிகள் அவரைப் பகைத்தனர். சபையின் நிர்வாகத்தைத் தம் கையில் கொள்ள விரும்பிய ஆத்தூன் மறைமாவட்ட ஆயரோடு ஏற்பட்ட பிணக்கினால், கயானாவில் அவருக்கு இரண்டாண்டுக் காலம் தேவதிரவிய அனுமானங்கள் மறுக்கப்பட்டன. நற்கருணையே உயிராய் வாழ்ந்த கன்னிகைக்கு இதைவிடக் கொடிய வேதனை ஏது? அவர் முறையிடாமல் மௌனமாக ஏற்றார். தம் பணியையோ திருச்சபையையோ கைவிடவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அந்த ஆயர் இறந்த செய்தி வந்தபோது, அவரையும் தமக்கு நன்மை செய்தோருள் ஒருவராகவே எண்ணி அவருக்காகச் செபித்தார். சில நாட்களில், 1851 ஜூலை 15-ஆம் நாள் பாரிசு மாநகரில் அன்னையும் இறைவனடி சேர்ந்தார். 1950-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

1848-இல் முதன்முதலாக வாக்குரிமை பெற்ற மானா மக்கள், பிரெஞ்சுப் பாராளுமன்றத்திற்கு அன்னையையே அனுப்ப விரும்பினர். பெண்கள் வாக்களிக்கவும் இயலாத காலம் அது. ஆதலால் அவ்விருப்பம் நிறைவேறவில்லை. ஆயினும் நேற்றுவரை அடிமைகளாயிருந்த மக்கள் தங்களுக்காகப் பேசத் தக்கவர் இவரே என்று தெரிந்துகொண்டார்களே, அதனினும் மேலான பட்டம் வேறில்லை.

அன்பு மாணவியரே! ஏழைக்கு இரங்கி ஒரு காசு கொடுப்பது நல்லது. அவர் தம் காலில் நிற்கும்வரை உடன் நிற்பது அதனினும் நல்லது. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் சிறுமி பள்ளிக்குப் போகிறாளா? நம் தெருவைக் கூட்டுபவரின் பெயரையாவது நாம் அறிவோமா? அன்னை ஜவுவேயைப் போற்ற விரும்புவோர், இக்கேள்விகளுக்கு விடை தேடுவதிலிருந்தே தொடங்கலாம்.