கட்டைவிரலால் மெட்டு வாசித்த பெண்: யார் இந்த மேபெல் கார்ட்டர்?

கிட்டார் வாசிக்கிற நண்பர் யாராவது உங்களுக்கு இருக்காரா? அடுத்த முறை அவர் வாசிக்கும்போது வலக்கையை மட்டும் கவனிச்சுப் பாருங்க. சிலர் கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் மெட்டை வாசிப்பார்கள். அதே நேரத்தில் ஆள்காட்டி விரலால் மெல்லிய கம்பிகளை மேலும் கீழும் வருடித் தாளம் போடுவார்கள். ஒரே ஆள், ஒரே கிட்டார். ஆனால் இரண்டு பேர் வாசிப்பது போல் கேட்கும்.

இந்தப் பாணிக்கு ஒரு பெயர் உண்டு: 'கார்ட்டர் ஸ்கிராட்ச்'. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதியில் வளர்ந்த ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் அதில் இருக்கிறது. அவர்தான் மேபெல் கார்ட்டர்.

புளூகிராஸ் இசையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களில்தான் தொடங்குவார்கள். ஆனால் அந்த இசை பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு அடித்தளம் போட்டவர்களில் இவரும் ஒருவர். எப்படி? வாங்க, பார்க்கலாம்.

முதலில், புளூகிராஸ் என்றால் என்ன?

பாஞ்சோ, ஃபிடில், மேண்டலின், கிட்டார், டபுள் பேஸ் - பெரும்பாலும் இந்த ஐந்து கருவிகள்தான். மின்சாரக் கருவிகளுக்குப் பெரிதாக இடமில்லை. வேகம் அதிகம். ஒவ்வொரு கருவியும் மாறி மாறி முன்னே வந்து தன் திறமையைக் காட்டும். நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் கேட்டிருப்பீங்க இல்லையா? கிட்டத்தட்ட அதே உற்சாகம்தான்.

கென்டக்கி மாநிலத்தைச் சேர்ந்த பில் மன்றோ, தம் குழுவுக்கு வைத்த பெயர் 'புளூ கிராஸ் பாய்ஸ்'. 1940களில் அந்தக் குழு வாசித்த பாணிக்கு, பிறகு அதே பெயர் நிலைத்துவிட்டது. 1945ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்கிரக்ஸ், மூன்று விரல்களால் பாஞ்சோ வாசித்து அந்த இசைக்கு அதன் வேகத்தைக் கொடுத்தார்.

பெயரிலேயே 'பாய்ஸ்' இருக்கிறது, பாருங்க. ஆனாலும் 1943 முதல் 1946 வரை அந்தக் குழுவில் சாலி ஆன் ஃபாரெஸ்டர் என்ற பெண் அக்கார்டியன் வாசித்தார். இது பலருக்கும் தெரியாது.

மலைக் கிராமத்துச் சிறுமி

மேபெல் பிறந்தது 1909ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் தேதி. ஊர், வர்ஜீனியா மாநிலத்தின் நிக்கல்ஸ்வில். பிறந்தபோது அவர் பெயர் மேபெல் ஆடிங்டன். சின்ன வயதிலேயே பாஞ்சோ, ஆட்டோஹார்ப், கிட்டார் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. இசைப்பள்ளி எதுவும் கிடையாது. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கேட்டதுதான் பாடம்.

1926இல், 16 வயதில், எஸ்ரா கார்ட்டர் என்பவரை மணந்தார். எஸ்ராவின் அண்ணன் ஏ.பி. கார்ட்டர். ஏ.பி.யின் மனைவி சாரா, மேபெலுக்கு உறவுக்காரப் பெண். மூவரும் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். சாரா முக்கியக் குரல், ஆட்டோஹார்ப்பும் வாசிப்பார். ஏ.பி. பாடல்களைத் தேடிச் சேகரிப்பார்; அவ்வப்போது குரல் கொடுப்பார். மேபெல் கிட்டார்.

இங்கேதான் ஒரு சிக்கல். அந்தக் காலத்துக் கிராமிய இசைக்குழுக்களில் மெட்டை வாசிப்பது ஃபிடில் அல்லது பாஞ்சோ. கிட்டாருக்குப் பின்னணியில் தாளம் போடுகிற வேலைதான். ஆனால் இந்தக் குழுவில் ஃபிடிலும் இல்லை, பாஞ்சோவும் இல்லை. அப்படியென்றால் மெட்டை யார் வாசிப்பது? தாளத்தை யார் போடுவது? இரண்டையும் மேபெலின் ஒரே கிட்டார் செய்யவேண்டி வந்தது. அந்தத் தேவைதான் 'கார்ட்டர் ஸ்கிராட்ச்' பாணியை வளர்த்தது.

நிறைமாத வயிற்றோடு ஒரு பயணம்

1927ஆம் ஆண்டு கோடைக்காலம். விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர், டென்னசி-வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் நகரில் ஒலிப்பதிவு நடத்தினார். ஏ.பி. போகலாம் என்று முடிவு செய்தார்.

மேபெலுக்கு வயது 18. பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருந்தது. சாராவிடம் ஒரு கைக்குழந்தை. கார் போக மோசமான மலைப்பாதை. வழியில் டயர் வேறு பஞ்சர். இத்தனையும் தாண்டிப் பிரிஸ்டல் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆகஸ்ட் 1, 2 ஆகிய இரண்டு நாள்களில் ஆறு பாடல்கள் பதிவாயின. இரண்டாம் நாள் ஏ.பி. ஒலிப்பதிவுக்கு வரவில்லை. சாராவும் மேபெலும் மட்டுமே இரண்டு பாடல்களைப் பதிவு செய்தார்கள். அவற்றில் ஒன்று 'சிங்கிள் கர்ல், மேரிட் கர்ல்'. கல்யாணமாகாத பெண்ணின் சுதந்திரத்தையும், கல்யாணமான பெண்ணின் சுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற பாட்டு. பாடியவர் கைக்குழந்தையின் தாய். கிட்டார் வாசித்தவர் நிறைமாதக் கர்ப்பிணி. யோசிச்சுப் பாருங்க!

ஒரு பாட்டுக்குக் கிடைத்த பணம் 50 டாலர். ஆறு பாட்டுக்கும் சேர்த்து 300. விற்பனையில் சிறு பங்கும் உண்டு. அந்த ஒலிப்பதிவுகள்தாம் அமெரிக்க நாட்டுப்புற இசையைப் பெரிய வணிகமாக மாற்றிய முக்கியத் திருப்பங்களில் ஒன்று என்று இன்று கருதப்படுகிறது.

275 டாலர் கிட்டார்

1928இல் மேபெல் ஒரு கிட்டார் வாங்கினார். கிப்சன் எல்-5. விலை 275 டாலர். பிரிஸ்டலில் மூவருக்கும் சேர்த்துக் கிடைத்த பணத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு! அந்தக் கிட்டார் இன்று நாஷ்வில் நகரில் உள்ள கன்ட்ரி இசை அரும்பொருளகத்தில் இருக்கிறது.

அதே ஆண்டு மே மாதம், நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் 'வைல்ட்வுட் ஃபிளவர்' பாட்டைப் பதிவு செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டிலிருந்து வாய்வழியாக வந்த பாட்டு அது. அதில் வரும் கிட்டார் மெட்டை இன்றும் புதிதாகக் கற்றுக்கொள்ளும் மாணவர்கள் வாசித்துப் பழகுகிறார்கள்.

சரி, இசைத்தட்டில் யார் பெயர் வந்தது? குழுவின் பெயர் 'கார்ட்டர் ஃபேமிலி'. பெரும்பாலான பாடல்களுக்கு உரிமையாளராகப் பதிவானது ஏ.பி.யின் பெயர். மக்களிடமிருந்து சேகரித்த பழைய பாடல்களுக்கும் அதே கதைதான். கிட்டார் மெட்டுக்குத் தனியாக உரிமை கேட்கும் வழக்கமே அப்போது இல்லை. ஒரு பாட்டைக் கேட்ட உடனே அடையாளம் காட்டுகிற பகுதி மேபெலுடையது. ஆனால் அது தாளில் எங்கேயும் பதிவாகவில்லை.

மேபெலுக்கும் ஆசான்கள் உண்டு

இந்தக் கதையில் இன்னொரு பெயரும் விட்டுப்போகக்கூடாது. லெஸ்லி ரிடில். கறுப்பினக் கிட்டார் கலைஞர். விபத்தொன்றில் ஒரு காலை இழந்தவர். ஏ.பி.யோடு ஊர் ஊராகப் போய்ப் பாடல் சேகரித்தார். ஏ.பி. வரிகளை எழுதிக்கொள்வார், ரிடில் மெட்டை மனத்தில் பதித்துக்கொள்வார். கார்ட்டர் வீட்டில் தங்கும்போது மேபெல் அவர் வாசிப்பதைப் பார்த்து புளூஸ் பாணி விரல் வித்தைகளைக் கற்றுக்கொண்டார்.

இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த காலம் அது. ரிடிலின் பெயர் எந்த இசைத்தட்டிலும் வரவில்லை. ஆனால் மேபெல் அவரை மறக்கவில்லை. 1960களில் இசை ஆய்வாளர் மைக் சீகரிடம் ரிடிலைப் பற்றிச் சொன்னார். சீகர் அவரைத் தேடிக் கண்டுபிடித்து ஒலிப்பதிவு செய்தார். தமக்குக் கிடைக்காத அங்கீகாரம் இன்னொருவருக்குக் கிடைக்க மேபெல் காரணமானார்.

இரவில் தாதி வேலை

1930களில் ஏ.பி.யும் சாராவும் பிரிந்தார்கள். ஆனாலும் பாடுவதை உடனே நிறுத்தவில்லை. 1938 முதல், மெக்சிகோ எல்லையிலிருந்து ஒலிபரப்பான ஒரு வானொலியில் பாடினார்கள். அமெரிக்க நிலையங்களுக்கு அனுமதிக்கப்பட்டதைவிடப் பல மடங்கு சக்தி கொண்ட நிலையம் அது. அவர்களின் குரலும் மேபெலின் கிட்டாரும் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. 1943இல் குழு கலைந்தது.

மேபெல் நிற்கவில்லை. ஹெலன், ஜூன், அனிட்டா ஆகிய மூன்று மகள்களையும் சேர்த்துப் புதுக் குழு அமைத்தார். 1950இல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. ரசிகர்கள் அவரை 'மதர் மேபெல்' என்று அழைத்தார்கள்.

ஆனால் 1950களின் பிற்பகுதியில் ராக் அண்ட் ரோல் அலை அடித்தது. வாய்ப்புகள் குறைந்தன. அப்போது மேபெல் என்ன செய்தார் தெரியுமா? நாஷ்வில்லில் இரவு நேரத் தாதியாக வேலை பார்த்தார். அமெரிக்கக் கிட்டார் வாசிப்பையே மாற்றிய கைகள், நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தன.

புளூகிராஸ் திரும்பிப் பார்த்தது

1961இல் லெஸ்டர் ஃபிளாட்டும் ஏர்ல் ஸ்கிரக்ஸும் கார்ட்டர் குடும்பப் பாடல்களை மட்டுமே கொண்ட ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார்கள். மேபெலும் அதில் வாசித்தார். பாஞ்சோவுக்குப் பெயர்போன ஸ்கிரக்ஸ், கிட்டாரைக் கையில் எடுத்தால் வாசித்தது மேபெலின் பாணியில்தான்.

1963இல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் கல்லூரி மாணவர்கள் அவரைக் கேட்டார்கள். 1967இல் அதே விழாவுக்குச் சாராவும் உடன் வந்தார். 1970இல் கார்ட்டர் குடும்பம் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றது.

1971 ஆகஸ்ட்டில் நீண்ட தலைமுடியோடு வந்த இளைஞர் குழு ஒன்று மூத்த கலைஞர்களை நாஷ்வில்லில் ஒன்றுசேர்த்தது. 'நிட்டி கிரிட்டி டர்ட் பேண்ட்' என்பது அதன் பெயர். 62 வயது மேபெலும் அதில் பாடினார், வாசித்தார். அடுத்த ஆண்டு மூன்று இசைத்தட்டுகளாக வெளிவந்த அந்தத் தொகுப்பு, ஒரு புதிய தலைமுறையைப் புளூகிராஸ் பக்கம் இழுத்தது.

மேபெல் 1978 அக்டோபர் 23ஆம் தேதி, 69 வயதில் காலமானார். 2001இல் அனைத்துலகப் புளூகிராஸ் இசைச் சங்கம், ஏ.பி., சாரா, மேபெல் மூவரையும் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது.

இன்று?

அவருக்குப் பிறகு வந்த பெண்களுக்கும் பாதை சுலபமாக இல்லை. நிலக்கரிச் சுரங்கக் குடும்பத்தில் பிறந்த ஹேசல் டிக்கென்ஸ், ஆலிஸ் ஜெரார்டோடு சேர்ந்து 1965இல் இசைத்தொகுப்பு வெளியிட்டபோது, பெண்கள் தலைமையில் ஒரு புளூகிராஸ் குழு என்பதே அபூர்வம்.

அதே புளூகிராஸ் சங்கம் 1990 முதல் ஆண்டுதோறும் சிறந்த கிட்டார் கலைஞர் விருது கொடுக்கிறது. அதை முதன்முதலில் ஒரு பெண் வென்றது எப்போது? 2017இல். வென்றவர் மோலி டட்டில். பிரிஸ்டல் ஒலிப்பதிவு நடந்து சரியாக 90 ஆண்டுகள் கழித்து!

'வைல்ட்வுட் ஃபிளவர்' பாட்டை இணையத்தில் எளிதாகக் கேட்கலாம். மூன்று நிமிடம்தான். பாடும் குரல் சாராவுடையது. அதற்குக் கீழே, தடித்த கம்பிகளில் ஒரு மெட்டு நடந்து போகும். அதைத் தனியாகப் பிடிச்சுக் கேளுங்க. அது 19 வயது மேபெலின் கட்டைவிரல்.