நாயக இல்லத்தில் வளர்ந்த நன்மணி ஹஜ்ரத் அனஸ் (ரலி)



நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எத்தனை மூச்சில் நீர் பருகினார்கள், உண்ணும்போது எதனை விரும்பி எடுத்தார்கள், தமக்குப் பணிவிடை செய்தவரிடம் எவ்வாறு பேசினார்கள் என்பனவெல்லாம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளைக் கடந்து இன்று நம்மை வந்தடைந்திருக்கின்றன. இந்த வீட்டு விவரங்களுள் பலவற்றை நமக்குப் பாதுகாத்துத் தந்தவர்கள், பத்து வயதில் அந்த இல்லத்தினுள் அடியெடுத்து வைத்த ஒரு சிறுவர். அவர்களே ஹஜ்ரத் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள். பிள்ளை வளர்க்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அவர்களுடையது.

மதீனாவின் கஸ்ரஜ் கோத்திரத்தில், பனூ நஜ்ஜார் கிளையில் பிறந்தவர்கள் அனஸ் (ரலி). அன்னை உம்மு சுலைம் (ரலி) அவர்கள் இஸ்லாத்தை ஏற்றபோது தந்தை மாலிக் சினந்து ஷாம் நாட்டிற்குச் சென்று, அங்கேயே இறந்து போனார். பின்னர் அபூதல்ஹா அவர்கள் பெண் கேட்டு வந்தபோது, அவர் இஸ்லாத்தைத் தழுவுவதையே மஹராக ஏற்று மணமுடித்த மாதரசியார் அவர்கள். கி.பி. 622இல் பெருமானார் (ஸல்) ஹிஜ்ரத் செய்து மதீனா வந்து சேர்ந்ததும், தம் மகனின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, பணிவிடைக்கென அவர்களிடம் ஒப்படைத்தார்கள் அந்த அன்னை.

அன்று தொடங்கிய பணி பத்தாண்டுகள் நீடித்தது. அந்தப் பத்தாண்டுகள் எத்தகையவை என்பதைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்! பத்ரும், உஹதும், அகழ்ப்போரும், ஹுதைபிய்யா உடன்படிக்கையும், மக்கா வெற்றியும் நிகழ்ந்த ஆண்டுகள் அவை. வஹீ இறங்கிக்கொண்டிருந்தது, தூதுக்குழுக்கள் வந்த வண்ணமிருந்தன, ஒரு சமுதாயமே உருவாகிக்கொண்டிருந்தது. இத்தனை பொறுப்புகளையும் சுமந்த பெருமானாருக்கு ஒரு சிறுவரிடம் பேசவும், சிரிக்கவும், அவர் சொல்வதைக் கேட்கவும் நேரம் இருந்தது.

ஒரு நாள் சிறுவர் அனஸை ஓர் அலுவலாக வெளியே செல்லுமாறு பெருமானார் பணித்தார்கள். போக வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் இருந்தும், சிறுபிள்ளைக் குறும்பினால் போகமாட்டேன் என்று வாய் கூறிவிட்டது. பின்பு புறப்பட்டார்கள், வழியிலே, கடைவீதியில் விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்களிடையே நின்றுவிட்டார்கள். திடீரெனப் பின்னாலிருந்து ஒரு கரம் அவர்களுடைய பிடரியைப் பற்றியது. திரும்பிப் பார்த்தால் பெருமானார் சிரித்துக்கொண்டு நிற்கின்றார்கள்! செல்லமாக உனைஸ் என்று அழைத்து, சொன்ன இடத்திற்குப் போயாயிற்றா என்று வினவினார்கள். இதோ போகிறேன் என்று ஓடினார்கள் சிறுவர். கவனியுங்கள்: இட்ட வேலை தள்ளுபடியாகவில்லை, பிள்ளையின் முகமும் வாடவில்லை.

அந்தப் பத்தாண்டுகளில் ஒரு முறையேனும் பெருமானார் தம்மைச் சீ என்று சொன்னதில்லை. செய்ததை ஏன் செய்தாய் என்றும், செய்யாததை ஏன் செய்யவில்லை என்றும் கேட்டதில்லை என்று பிற்காலத்தில் அனஸ் (ரலி) அவர்கள் சான்று பகர்ந்திருக்கின்றார்கள். வீட்டார் எவரேனும் கடிந்துகொண்டால், விட்டுவிடுங்கள், நடக்க வேண்டுமென விதிக்கப்பட்டிருந்தால் நடந்திருக்கும் என்று பெருமானாரே தடுத்துவிடுவார்கள். சில வேளைகளில் அருமை மகனே என்று அழைப்பார்கள். சில வேளைகளில் இரு செவிகள் உடையவரே என்று வேடிக்கையாக விளிப்பார்கள். எல்லோருக்கும் இரு செவிகள்தாமே! அந்த வேடிக்கையில் பொய்யும் இல்லை, புண்படுத்தலும் இல்லை.

மற்றொரு நாள் பெருமானார் இரகசியமான ஓர் அலுவலுக்கு அனஸை அனுப்பினார்கள். வீடு திரும்பத் தாமதமாயிற்று. காரணம் கேட்ட அன்னையிடம், அது இரகசியம் என்றார்கள் சிறுவர். உம்மு சுலைம் (ரலி) துருவித் துருவிக் கேட்கவில்லை. அந்த இரகசியத்தை எவரிடமும் சொல்லாதே என்று மகனுக்கு உறுதியூட்டினார்கள். முதுமையிலும் அனஸ் (ரலி) அதனை எவருக்கும் வெளியிடவில்லை. நம்பி ஒப்படைத்தால் குழந்தை நம்பிக்கைக்குரியவராக வளர்கின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

பெருமானாரின் அன்பு அனஸ் (ரலி) அவர்களுடைய வீட்டையும் தேடி வந்தது. பாட்டியார் முலைக்கா அவர்கள் உணவு சமைத்து அழைத்தபோது பெருமானார் வந்து உண்டார்கள். பின்பு வீட்டாருக்குத் தொழுகை நடத்த எழுந்தார்கள். புழங்கிப் புழங்கிக் கறுத்துப்போன ஒரு பாய்தான் அங்கிருந்தது. அனஸ் (ரலி) அதன்மீது நீர் தெளித்தார்கள். அவர்களும் ஓர் அநாதைச் சிறுவரும் பெருமானாருக்குப் பின்னால் அணிவகுக்க, மூதாட்டி அவர்களுக்குப் பின்னால் நின்றார்கள்.

அனஸ் அவர்களின் தாய்வழிச் சிறிய தம்பி அபூ உமைர். பால்குடி மறந்த பருவத்துக் குழந்தை; ஒரு சிறு பறவையை வைத்து விளையாடி வந்தது. ஒரு நாள் பெருமானார் வந்தபோது குழந்தை வாடியிருந்தது. காரணம் கேட்டார்கள், பறவை இறந்துவிட்டதென அறிந்தார்கள். உடனே அக்குழந்தையின் பெயரோடு பறவையின் பெயரும் எதுகையாய் ஒலிக்கும்படி அழைத்து, அந்தப் பறவை என்னவாயிற்று என்று பரிவுடன் விசாரித்தார்கள். பெரியவர்களுக்கு அற்பமாகத் தோன்றும் அத்துயரம் அக்குழந்தைக்குப் பெருந்துயரம் என்பதை உணர்ந்த உள்ளம் அது! இந்த ஒரு நிகழ்ச்சியிலிருந்து அறுபது சட்ட நுணுக்கங்களை எடுத்துக்காட்டி, ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) தனி நூலே இயற்றினார்கள்.

பெருமானாரின் அருமைப் புதல்வர் இப்ராஹீம், மதீனாவின் புறத்தே ஒரு கொல்லரின் மனைவியிடம் பாலூட்டி வளர்க்க விடப்பட்டிருந்தார்கள். பெருமானார் அங்கே நடந்து செல்வார்கள். அனஸும் உடன் செல்வார்கள். ஒரு முறை துருத்தி ஊதிக்கொண்டிருந்ததால் வீடெங்கும் புகை மண்டியிருந்தது. அனஸ் முன்னே ஓடிச் சென்று, பெருமானார் வருகின்றார்கள், நிறுத்துங்கள் என்று கொல்லரிடம் அறிவித்தார்கள். பெருமானார் குழந்தையை வாங்கி அணைத்துக்கொண்டார்கள். தம் குடும்பத்தாரிடம் அவர்களைவிட இரக்கமுள்ள எவரையும் தாம் கண்டதில்லை என்று அனஸ் (ரலி) கூறியிருக்கின்றார்கள்.

ஒரு தையற்காரர் பெருமானாரை விருந்துக்கு அழைத்தார். அனஸும் உடன் சென்றார்கள். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்புக்கண்டமும் இட்ட ஆணமும் வைக்கப்பட்டன. பெருமானார் தட்டின் ஓரங்களில் சுரைக்காயைத் தேடி எடுத்து உண்பதைச் சிறுவரின் கண்கள் கண்டன. அன்று முதல் சுரைக்காய் அவர்களுக்கு விருப்ப உணவாயிற்று. அதனை விரும்புமாறு எவரும் போதிக்கவில்லை. உடனமர்ந்து உண்டதே போதனையாயிற்று.

பெருமானார் மறைந்தபோது அனஸ் (ரலி) அவர்களுக்கு வயது 20. கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்கள் ஜகாத் திரட்ட அவர்களை பஹ்ரைனுக்கு அனுப்பினார்கள். பின்னர் பஸராவில் குடியேறி, நெடுங்காலம் கல்வி போதித்தார்கள். ஹஸன் பஸரீ, இப்னு ஸீரீன், கதாதா, ஸாபித் புனானீ (ரஹ்) போன்ற மேதைகள் அவர்களிடம் பயின்றனர். அவர்கள் வழியாக 2,286 நபிமொழிகள் நம்மை அடைந்துள்ளன. தெருவில் சிறுவர்களைக் கண்டால் தாமே முந்தி ஸலாம் கூறுவார்கள். பெருமானார் அவ்வாறே செய்தார்கள் என்பார்கள். குர்ஆனை ஓதி முடிக்கும் நாளில் தம் மனைவி மக்கள் அனைவரையும் ஒன்றுகூட்டித் துஆச் செய்வார்கள். பெருமானாரின் துஆ பரக்கத்தினால் பெருஞ்செல்வமும் ஏராளமான மக்கட்செல்வமும் பெற்று, நூறு வயதை எட்டிய முதுமையில், ஹிஜ்ரி 93ஆம் ஆண்டளவில் பஸராவில் காலமானார்கள்.

அன்புப் பெற்றோர்களே! எண்பதாண்டுகள் அவர்கள் உலகிற்கு எடுத்துரைத்தவை எவை? ஒரு சிரிப்பு, ஒரு பாய், ஒரு பறவை, ஒரு சுரைக்காய்த் துண்டு. அன்றாட வாழ்வின் இந்தச் சிறு பொழுதுகளே தீனின் செல்வமாயின. நம் வீட்டிலும் ஒரு குழந்தை நம்மை உற்று நோக்கிக்கொண்டுதான் இருக்கின்றது. நாளை அது எதனை நினைவுகூரும்? கைப்பேசியில் கவிழ்ந்த முகத்தையா, ஏன் செய்தாய் என்ற அதட்டலையா, அல்லது ஒரே சஹனில் உடனமர்ந்து உண்டதையா?

அதற்கெனத் தனிச் செலவோ, தனி நாளோ வேண்டியதில்லை. மஃரிபுத் தொழுகைக்குச் செல்கையில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டினுள் நுழைகையில் நீங்களே முந்தி ஸலாம் சொல்லுங்கள். உடைந்த விளையாட்டுப் பொருளைப் பற்றி அது அழுதால் ஒரு கணம் நின்று கேளுங்கள். பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்திருக்கும் தந்தையரும் விடுமுறையில் வரும்போது, பெட்டியிலுள்ள பொருள்களை மட்டுமன்றித் தம் நேரத்தையும் பிள்ளைகளுக்கு வழங்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் அன்பையும் பொறுமையையும் நிறைத்து, நம் மக்களைக் கண்குளிர்ச்சியாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.